1033 பேரில் ஒருவர் எங்கள் மாமா



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். கம்பெனி லீவில் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். ஷிப்மென்ட் அவசரத்தில் இருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் இப்போது அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறான். போன வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "சார், இங்க ரெண்டே கட்சிதானுங்க. ரெண்டும் புடிக்கலைன்னா ஓட்டை எங்கதான் போடறது? ஒரே ஆபீசுல வேலை செய்யறவங்க கட்சி வேறன்னா மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறதில்லைங்க. நம்மூர்ல இப்படி இல்லையேங்க சார்?" என்று கேட்டிருந்தான். அவன் பிறந்த வருடம் 1988. நம்மூரில் இப்படி இல்லை என்று அவன் நினைப்பதற்கு அவனுடைய வயது ஒரு காரணம். அவன் அப்பாவைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது மொடக்குறிச்சிக்குப் போய்விட்டது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியாது என்பதைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் கண்டுகொண்டேன்.

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் போட்டியிட்டவர்கள் 1033 பேர். ஆயிரத்து முப்பத்து மூன்று. எண்ணை இரண்டு தடவை எழுதுவதற்குக் காரணம், கல்யாணத்தில் சொன்னபோது ஒரு பையன் "நூத்தி முப்பத்து மூணுங்களா தாத்தா?" என்று திருத்தினான். இல்லை, ஆயிரம்தான். அந்த 1033 பேரில் ஒருவர் என் மனைவியின் சித்தப்பா. உறவில் எனக்குச் சின்ன மாமனார். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

அப்போது திருப்பூர் தனி மாவட்டம் இல்லை. திருப்பூர், அவிநாசி, பல்லடம் எல்லாம் கோயமுத்தூரோடு இருந்தன. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடு இருந்தன. நம் மாவட்டம் பிறந்தது 2009இல்தான். நான் காங்கேயம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். மாமாவுக்கு மொடக்குறிச்சித் தொகுதிக்குள் நாலு ஏக்கர். மஞ்சள், கொஞ்சம் கரும்பு, ரெண்டு எருமை.

மாமா கட்சி இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கட்சிக்காரர். அவருடைய அண்ணன், அதாவது எங்கள் பெரிய மாமா, எதிர்க்கட்சிக்காரர். ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு பொதுச் சுவர். தேர்தல் வந்தால் அந்தச் சுவரின் ஒரு பக்கம் உதயசூரியன், மறுபக்கம் இரட்டை இலை. 1989இல் ஏதோ வார்த்தை முற்றி அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. கோயில் கெடா வெட்டுக்குக்கூட இரண்டு அடுப்பு. அமெரிக்காவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருவதில்லை என்று சொன்னவனுக்கு இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

இப்படிப்பட்ட கட்சிக்காரர் எப்படிச் சுயேச்சையாக நிற்கப் போனார் என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, 1970 ஜூன் 19ஆம் தேதி, நம் பெருமாநல்லூரில் விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பம்ப்செட் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த போராட்டம் அது. ஒரு பைசாவுக்கா என்று இப்போது சிரிப்பு வரலாம். கிணற்று நீரை மட்டுமே நம்பிய பூமி இது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் ஓடும் நேரம் கூடும், கரண்ட் பில் கூடும். அந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு பைசா பெரிய காசு. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் சங்கம் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். 1972இல் கோயமுத்தூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்தச் சங்கத்தின் பலமே அது எந்தக் கட்சியையும் சேராதது. இரண்டு கழகத்துக்காரனும், காங்கிரஸ்காரனும் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு ஒரே வரிசையில் நிற்பார்கள். பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் நாயுடு தனிக்கட்சி ஆரம்பித்தார். போராட்டத்துக்கு லட்சக்கணக்கில் வந்தவர்கள் ஓட்டுப் போடும்போது அவரவர் கட்சிக்குப் போய்விட்டார்கள். 1984 டிசம்பரில் அவர் மறைந்தார். சங்கம் பல துண்டாகியது. ஆனால் அவர்கள் கேட்ட இலவச மின்சாரம் வராமல் போகவில்லை. முதலில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. இதைக் கவனியுங்கள். கேட்டவர்களுக்குச் சட்டமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை, கேட்ட பொருளை இரண்டு கட்சிகளும் எடுத்துக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டன. அமெரிக்கக் கதையில் இது மறுபடியும் வரும்.

மின்சாரம் ஒன்றுதான் வந்தது. விலை, பாசனம், கடன் எல்லாம் அப்படியே நின்றன. 1996இல் மொடக்குறிச்சி விவசாயிகள் வேறு வழியில் யோசித்தார்கள். கட்சி ஆரம்பித்து ஜெயிக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. மனு கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. சரி, தேர்தலையே நிற்க வைத்துவிடலாம், அப்போதாவது என்ன விஷயம் என்று கேட்பார்கள் அல்லவா? ஆயிரம் பேர் மனுத் தாக்கல் செய்தால் போதும்.

சட்டம் அப்போது அதற்கு இடம் கொடுத்தது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். 1951இல் 250 ரூபாய் என்பது என்னைப் போன்ற ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்குப் பல மாதச் சம்பளம். நாற்பத்தைந்து வருடம் அதை யாரும் மாற்றவில்லை. 1996இல் அது ஒரு மூட்டை உரத்துக்கும் பஸ் சார்ஜுக்கும் ஆகிற காசு.

மாமா எருமைப் பால் பணத்தில் கட்டியதாகச் சொன்னார். அத்தை அதை மறுத்தார். தன் சீட்டுப் பணத்தில் எடுத்தார் என்பது அத்தையின் கட்சி. "ஏனுங்க மாமா, உங்க கட்சிக்காரர் நிக்கறாரே, அவருக்கு எதிரா நீங்க நிக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "மாப்ளே, நான் ஒருத்தன் நின்னா அது எதிரா நிக்கறது. ஆயிரம் பேர் நின்னா அது எதிருமில்லை, பக்கமுமில்லை. அது கும்பலுங்க" என்றார்.

அந்தக் கும்பல் தேர்தல் ஆணையத்தைத் திக்குமுக்காட வைத்தது உண்மை. டி.என். சேஷன் தலைமை ஆணையராக இருந்த காலம் அது. சுவரில் சின்னம் எழுதினால் கேஸ், மைக் வைத்தால் கேஸ் என்று கட்சிகளையெல்லாம் நடுங்க வைத்த மனிதர். அவருக்கே மொடக்குறிச்சி புதுக் கணக்காக இருந்திருக்கும். எந்திரம் வராத காலம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் பெயரும் சின்னமும் அச்சடித்த வாக்குச்சீட்டு வேண்டும். 1033 பெயர் ஒரு தாளில் அடங்குமா? சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். வாக்காளர் அதைப் புரட்டி, தனக்கு வேண்டிய பெயரைத் தேடி முத்திரை குத்த வேண்டும். வழக்கமான பெட்டி அதற்குப் போதாது என்று பெரிய பெட்டிகள் வந்தன. வாக்குப்பதிவை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள்.

ஒரு மாதம் தள்ளியது ஒரு விளைவை உண்டாக்கியது. அதற்குள் மாநிலம் முழுக்க முடிவு வந்து, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்று, மே 13ஆம் தேதி கலைஞர் நான்காவது முறையாக முதலமைச்சராகப் பொறுப்பேற்றுவிட்டார். ஆட்சி யாருடையது என்று தெரிந்த பிறகு மொடக்குறிச்சி ஓட்டுப் போட்டது. தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64 ஆயிரத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். அ.தி.மு.க. வேட்பாளர் கிட்டுசாமிக்கு 25 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மற்ற எல்லோருக்கும் டெபாசிட் போனது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. 158 பேருக்கு ஒரே ஓர் ஓட்டு.

பூஜ்யம் வாங்கியவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளவில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். மாநிலத்தில் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் சட்டமன்றத்துக்கு வேறு எந்தத் தொகுதியிலும் நிற்கலாம் என்பது விதி. பக்கத்துத் தொகுதியிலிருந்து வந்து நின்றவருக்கு அங்கே ஓட்டே கிடையாது. உள்ளூர்க்காரர்களிலும் பலர் மனுவில் ஒரு கையெழுத்து, ஓட்டில் வேறு கை என்று இருந்திருப்பார்கள். போராட்டம் வேறு, ஓட்டு வேறு. நாயுடு கட்சிக்கு நடந்ததுதான் மறுபடியும் நடந்தது.

எங்கள் மாமாவுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று தன்னுடையது இல்லை என்று அத்தை சத்தியம் செய்தார். "அந்தப் பொஸ்தவத்துல உங்க மாமனைத் தேடி எடுக்க நமக்குக் கண்ணு தெரியோணுமே" என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது ஓட்டு யாருடையது என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாள் பேச்சாக இருந்தது. நான்தான் போட்டேன் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு அங்கே ஓட்டே இல்லை. ஆறேழு வருடம் கழித்து, பெரிய மாமாவுக்குக் கண் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்க்கப் போயிருந்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி வந்தபோது அவராகவே சொன்னார். "அன்னைக்கு இவன் பேரைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள வேர்த்துப் போச்சு மாப்ளே. வெளிய நின்ன எங்க கட்சிக்காரப் பையன், பெரியப்பனுக்கு என்னாச்சோன்னு பயந்துட்டான்." அப்போதும் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. நான் போய் மாமாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இனி சட்டத்தின் கதை. அதே 1996இல் ஆந்திராவின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். ஃப்ளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன ஊர்களின் முறையீடு அது. எல்லைப் பிரச்சினைக்காகக் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். நாடு முழுக்க அந்த நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்டவர்கள் 13,952 பேர். 1952 முதல் தேர்தலில் 1,874 பேர்தான். சுயேச்சைகளுக்கு டெபாசிட்டை உயர்த்த வேண்டும் என்று 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லியிருந்தது. ஆறு வருடம் அது தூங்கியது. மொடக்குறிச்சியும் நல்கொண்டாவும் அதை எழுப்பிவிட்டன.

1996 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதிகள். சட்டமன்ற டெபாசிட் 250லிருந்து 5,000. நாடாளுமன்றம் 500லிருந்து 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது. பிரச்சாரக் காலமும் 20 நாளிலிருந்து 14 நாளாகக் குறைந்தது. 2010 முதல் டெபாசிட் இன்னும் கூடி சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000.

பழைய பழக்கம், கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1033 பேருக்கும் முழுக்கட்டணம் என்று வைத்துக்கொண்டால் அன்று ஆன தொகை 2,58,250 ரூபாய். மறுவருடம் நின்றிருந்தால் 51,65,000. இன்றைக்கு 1,03,30,000. ஒரு கோடியே மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் போட்டு யார் போராட்டம் நடத்துவார்கள்?

பலன் உடனே தெரிந்தது. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர்கள் 4,750 ஆகக் குறைந்தார்கள். சுயேச்சைகள் மட்டும் 10,635லிருந்து 1,915 ஆனார்கள். நிர்வாகம் நடத்துகிறவர்கள் இதை வெற்றி என்றே சொல்வார்கள். நானும் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன். விளையாட்டுக்கு நிற்பவர்களும், ஓட்டைப் பிரிக்கக் காசு கொடுத்து நிறுத்தப்பட்டவர்களும் இருப்பது எனக்குத் தெரியும். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலரும் நின்றது எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அப்படி ஆள் நிறுத்துகிறவனுக்கு ஐயாயிரமும் பத்தாயிரமும் ஒரு பொருட்டா? கட்டணம் தடுத்தது மாமாவைத்தான். சட்டம் வந்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அவர் சொன்னது இது: "நாங்க கேட்டது தண்ணியும் வெலையும். அவங்க ஏத்துனது டெபாசிட்டை."

இதற்கும் ஒரு படி மேலே போய், சுயேச்சைகளே நிற்கக் கூடாது என்று 1999இலும் மறுபடி 2015இலும் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. நல்லவேளையாக இதுவரை யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆணையம் 1999 அறிக்கையில் கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதப்படி கொஞ்சம் இடங்கள் தரலாம் என்றும் சொன்னது. அதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு எண் சொல்கிறேன். 1991இல் தி.மு.க. வாங்கிய ஓட்டு நூற்றுக்கு 22, கிடைத்த இடம் 2. 1996இல் அ.தி.மு.க. வாங்கியது நூற்றுக்கு 21, கிடைத்த இடம் 4. மொத்தம் 234 இடம். ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஓட்டுப் போட்ட கட்சி ஒரே ஜீப்பில் ஏறிச் சட்டமன்றம் போகும் நிலை. எங்கள் வளவின் சுவரில் எந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்தைப் பார்க்க ஏன் அவ்வளவு பயம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோற்றால் துடைத்துப்போட்டுவிடும்.

இப்போது நியூஜெர்சிக்கு வருகிறேன். தம்பி, நீ இருக்கும் நாட்டிலும் மொடக்குறிச்சி நடந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால், உன்னையும் என்னையும் வாழவைத்த அதே பருத்தியை வைத்து.

1880களில் அமெரிக்காவின் தெற்கே பருத்தி விவசாயிகளும், மேற்கே கோதுமை விவசாயிகளும் கடனில் மூழ்கினார்கள். பருத்தி விலை விழுந்துகொண்டே வந்தது. ரயில் கம்பெனி வைத்ததுதான் சரக்குக் கூலி. ரிபப்ளிகன், டெமாக்ரட் இரண்டு கட்சிகளும் காது கொடுக்கவில்லை. அவர்களும் முதலில் சங்கம்தான் வைத்தார்கள். பிறகு 1892இல் ஒமாஹா நகரில் கூடி மக்கள் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வருடமே அவர்களுடைய வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கினார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் சபையில் 22 இடமும் கிடைத்தது.

அவர்கள் பலம் நம்மூர் பாஷையில் சொன்னால் கூட்டணி. ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம், அவர் பெயர் இரண்டு கட்சிப் பெயரிலும் வரும், இரண்டு ஓட்டையும் கூட்டிக்கொள்ளலாம். அதுவரை வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கொடுத்ததால் இது சுலபம். 1888 முதல் ஒவ்வொரு மாநிலமாக அரசாங்கமே சீட்டு அச்சடிக்கத் தொடங்கியது. ரகசிய ஓட்டுக்கு அது நல்லது, மக்கள் கட்சியே கேட்டதுதான். ஆனால் சீட்டை அரசு அச்சடித்தால், அதில் யார் பெயர் எப்படி வரலாம் என்பதை ஆளுங்கட்சி தீர்மானிக்கலாம். ஒருவர் பெயர் ஒரு கட்சியில்தான் வரலாம் என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டன. சிறு கட்சி சீட்டில் இடம்பெற ஆயிரக்கணக்கில் கையெழுத்துக் கொண்டுவா என்றன. நமக்குப் பத்துப் பேர், அவர்களுக்குப் பல்லாயிரம். 1896இல் டெமாக்ரட் கட்சியின் பிரையனோடு சேர்ந்து தோற்ற மக்கள் கட்சி அதற்குப் பிறகு எழவே இல்லை.

ஆனால் அவர்கள் கேட்டது வந்தது. வருமான வரியும், செனட் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் 1913இல் அரசியலமைப்பிலேயே ஏறின. நம் இலவச மின்சாரக் கதை ஞாபகம் வருகிறதா?

அந்தக் கூட்டுச் சீட்டுத் தடை செல்லும் என்று 1997இல் அமெரிக்க உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. உன் நியூஜெர்சியில் தடைதான். ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் இன்றும் உண்டு. அதனால்தான் அங்கே மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போட்டால் வீண் அல்லது விபரீதம் என்கிறார்கள். 1992இல் ராஸ் பெரோ என்ற பணக்காரர் நூற்றுக்கு 19 ஓட்டு வாங்கியும் அதிபர் சபையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2000இல் ஃப்ளோரிடாவில் ரால்ஃப் நாடர் 97,488 ஓட்டு வாங்கினார். அங்கே புஷ் ஜெயித்தது 537 ஓட்டில்.

நம் நாட்டில் கூட்டணிக்குத் தடை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் தேவலை என்பது என் எண்ணம். 2009இல் கொங்கு கட்சி தனியாக நின்று இந்தப் பக்கத்துத் தொகுதிகளில் நிறைய ஓட்டு வாங்கியது, ஓர் இடமும் ஜெயிக்கவில்லை. பிறகு ஈஸ்வரனின் கட்சி தி.மு.க. கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று 2021இல் சட்டமன்றத்துக்கும் 2024இல் நாடாளுமன்றத்துக்கும் போனது. நம் திருப்பூர் எம்.பி. சுப்பராயன் கம்யூனிஸ்ட். அவர் 2019இலும் 2024இலும் ஜெயித்தது அதே கூட்டணியில்தான். சிறியவனுக்கு வாசல் உண்டு, ஆனால் பெரிய வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். போனவன் பெரிய வீட்டுக்காரர் முகம் சுளிக்கும்படி எதையும் பேச முடியாது.

பேச முடியாமல் போன ஒன்றை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். என் மாணவர்களில் பாதிப் பேர் சாயப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் பிழைத்தவர்கள், மனம் கோணக் கூடாது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது பாசனத்துக்காக. அதில் நின்றது சாயத் தண்ணீர். தண்ணீர் திறக்க வேண்டாம் என்று விவசாயிகள் மன்றாடிய ஒரே அணை அதுவாகத்தான் இருக்கும். எத்தனை தேர்தல் வந்தது! திருப்பூரில் கம்பெனி ஓட்டு, கீழே காங்கேயம் பக்கம் விவசாயி ஓட்டு. இரண்டு கட்சிக்கும் இரண்டும் வேண்டும். அதனால் இரண்டும் அதைப் பற்றி மேடையில் மென்று முழுங்கின. கடைசியில் விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருடம் எத்தனை குடும்பம் வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பியது என்று உங்களுக்கே தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால் சட்டமன்றத்தில் இருபது நாள் சண்டை போட்டிருந்தால் இந்த அடி ஒரே நாளில் விழுந்திருக்காது.

அமெரிக்காவில் இப்போது மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் ஓட்டை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போடும் முறை வந்திருக்கிறது. முதல் விருப்பம் தோற்றால் இரண்டாம் விருப்பத்தை எண்ணுவார்கள், ஓட்டு வீணாகாது. புதுசு என்று பெருமைப்படுகிறார்கள். நம் குடியரசுத் தலைவர் தேர்தல் முதலிலிருந்தே அப்படித்தான். 1969இல் வி.வி. கிரி ஜெயித்ததே இரண்டாம் விருப்ப ஓட்டை எண்ணித்தான். பக்கத்தில் இலங்கையில் 2024 அதிபர் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் 1, 2, 3 போடத் தெரிந்தவர்கள், நமக்கு மட்டும் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

டெபாசிட் உயர்ந்தும் ஆசை அடங்கவில்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலும் மஞ்சள் விவசாயிகள், நம் ஈரோட்டு மஞ்சளின் பங்காளிகள். முதலமைச்சரின் மகள் கவிதாவே அங்கே தோற்றார். ஒரு வாக்களிக்கும் கருவியில் 16 பெயர். நோட்டாவையும் சேர்த்து 186, ஆக 12 கருவிகளைக் கோத்து வைத்தார்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர், ஐந்து கருவி. மொடக்குறிச்சி இன்று நடந்தால் 65 கருவி வேண்டும். இப்போதுள்ள எந்திரத்தில் 24க்கு மேல் கோக்க முடியாது. பழைய புத்தகம்தான் திரும்பி வர வேண்டும்.

மாமாவின் கடைசித் தேர்தல் 2014. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில்தான் உச்சநீதிமன்றம் நோட்டாவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் அவரும் பெரிய மாமாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தின வருடமே பேச்சு வந்துவிட்டது, பேரன் கல்யாணத்தில். "என்னுங்க மாமா, யாருக்குப் போட்டீங்க?" என்றேன்.

"கடைசி பட்டனுங்க மாப்ளே. இதுல பேரைத் தேடற வேலையில்லை, டெபாசிட்டும் இல்லை" என்றார்.

பெரிய மாமா மட்டும், "அது எவனுக்குய்யா கணக்கு?" என்று கேட்டார்.